தலைக்கட்டு வரியில் ஒரு நாவல்

உலகத்து நாவல்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். தலைக்கட்டு வரி வசூலித்து எழுதப்பட்டவை, வசூலிக்காமல் எழுதப்பட்டவை. இரண்டாவது வகையில் லட்சக்கணக்கான நாவல்கள் குவிந்துகிடக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேராசிரியர்கள் பேசிக்கொள்ளட்டும். முதல் வகையில் இன்றுவரை இருப்பது ஒன்றே ஒன்றுதான். நாவலின் பெயர் 'ஒத்தக்கரடு'. ஆசிரியர் பசுமலை ஜேசுராஜ், எம்.ஏ., பி.எட்., பணி ஓய்வு.

பிள்ளைகளுக்குப் பானிபட்டுப் போர்களை மூன்று தடவையும் சலிக்காமல் நடத்திவிட்டு ஓய்வுபெற்றவர் ஜேசுராஜ். அவர் மனைவி தெரசாவும் டீச்சர்தான். அவர் இன்னும் ஓய்வு பெறவில்லை, வீட்டிலும்கூட. காலையில் காய்கறி வாங்கி வந்து திட்டு வாங்குவதோடு ஜேசுராஜின் அன்றாட அலுவல் முடிந்துவிடும். அப்படியிருக்கும்போதுதான் மதுரையில் ஒருநாள் பயிலரங்கு ஒன்று நடந்தது. தலைப்பு: 'சிற்றூர் நாவலில் வரலாற்றுப் பின்னணி'. மதியச் சாப்பாடு உண்டு.

எதை எழுதினாலும் பின்னணி வேண்டும் என்று அங்கே ஏழு பேர் பேசினார்கள். ஊரை வரலாறு செதுக்க வேண்டும், மனிதர்களை ஊர் செதுக்க வேண்டும், 'களஆய்வு' இல்லாமல் எழுதுகிறவன் இலக்கியத் துரோகி. கேட்டுக்கொண்டிருந்த ஜேசுராஜுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மறுநாளே ஒரு கதர் ஜிப்பா, ஒரு ஜோல்னாப் பை, குரல் பதியும் கருவி ஒன்று என்று நாவலுக்கு வேண்டிய முக்கால்வாசி வேலையை முடித்துவிட்டார்.

"பை நல்லா பெருசா இருக்கு. போற வழியில பூசணிக்காய் வாங்கிட்டு வந்துருங்க" என்றார் தெரசா.

மேலூருக்குக் கிழக்கே ஒத்தக்கரடு என்ற ஊரில், ஜேசுராஜ் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று வருடம் ஐந்தாம் வகுப்பு வாத்தியாராக இருந்திருக்கிறார். ஊரை ஒட்டினாற்போல் ஒரே ஒரு கரடு, சின்னப் பாறைக் குன்று. அதன் பெயர்தான் ஊருக்கும். வெகுகாலம் கழித்து இப்போது போய் இறங்கினால் ஊர் இருக்கிறது, கரட்டைக் காணோம். கரடு நின்ற இடத்தில் பெரிய குழி. குழியில் பச்சைத் தண்ணீர். அதைச் சுற்றி, விற்காமல் விட்ட கல் கழிவு வீடு உயரத்துக்கு.

அந்தக் கழிவுக்கு அடியில் தன் வயலும் கிணறும் இருப்பதாகச் சொன்னவள் சின்னத்தாய். ஜேசுராஜிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள்.

"இந்தா, இந்தப் பாறைக்குக் கீழதான் சார் கெணறு. எறங்கிக் காட்டச் சொன்னாதான் முடியாது" என்று சிரித்தாள்.

அவள் வீட்டில் தோசையும் மல்லிச் சட்டினியும் சாப்பிட்டுக்கொண்டே ஜேசுராஜ் அவள் கதையைப் பதிவு செய்தார். கல் குவாரிக் கம்பெனிக்காரன் வந்தது, ஊர்ப் பெரியவர்களான நாலு கரைக்காரர்களும் ஒப்புதல் கையெழுத்துப் போட்டது, ஆளுக்கொரு லாரி வாங்கி ஓட்டியது, அவள் மட்டும் வயலைத் தரமாட்டேன் என்று மனுப் போட்டது, எல்லாம் அதில் இருந்தது. மனுப் போட்ட வருடத்திலிருந்து ஊர் அவள் வீட்டில் தலைக்கட்டு வரி வாங்குவதில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இதன் கனம் தெரியாது. வரி கொடுக்காமல் தப்பித்தது லாபம்தானே என்று நினைப்பார்கள். திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர் போடும் வரிதான் தலைக்கட்டு வரி. வாங்கினால் நீ ஊரில் ஒருத்தி. வாங்காவிட்டால் உன் வீட்டுச் சாவுக்கு மேளக்காரன்கூட வரமாட்டான். அந்த ஊரில் வரி வாங்காத வீடு ஒன்றே ஒன்று, சின்னத்தாய் வீடு.

"எழுதுங்க சார். கலெக்டர் ஆபீஸ்ல எம்மனு எந்தக் கட்டுக்குள்ள கெடக்கோ. புஸ்தகம்னா நாலு பேரு படிப்பாகல்ல. என் வயலு எப்படிப் போச்சுன்னு வெளிய தெரிஞ்சாப் போதும்" என்றாள்.

ஜேசுராஜ் எழுதினார். ஒரு கரடு, ஒரு கிணறு, ஒரு பெண். சின்னத்தாய்தான் கதாநாயகி. அந்த முதல் வடிவம் நல்ல நாவலாக இருந்தது என்பதை வருத்தத்துடன் சொல்லியாக வேண்டும். நல்ல நாவல் என்பதால் பதிப்பகங்கள் வேண்டாம் என்றன. செலவை நீங்களே போட்டுக்கொண்டால் யோசிக்கலாம் என்று ஒரே ஒரு பதிப்பகம் சொன்னது. தெரசாவிடம் அதைச் சொல்லிப் பார்த்தார். தெரசா குக்கரைத் திறந்தார்.

இந்த இலக்கிய நெருக்கடியில்தான் ஒத்தக்கரட்டின் விழாக் கமிட்டித் தலைவர் விருமாண்டி, ஒரு பெட்டி மாம்பழத்துடன் பசுமலைக்கு வந்து சேர்ந்தார்.

"சார், நம்ம ஊரப் பத்தி பொஸ்தகம் எழுதுறீகளாம். இந்தக் கீழக்குயில்குடியப் பாருங்க. மலையில நாலு சமணர் படுக்க இருக்கு, வெள்ளக்காரன்லாம் வந்து படம் எடுக்குறான். நம்ம ஊருல என்ன இருக்கு? குழிதான் இருக்கு. ஒரு வரலாறு இருந்தா எம்புட்டுக் கெத்தா இருக்கும்! செலவ ஊரு பாத்துக்கிரும் சார். தலைக்கட்டு வரி போட்டுருவோம்."

"நாவலுக்கா?"

"கும்பாபிசேகத்துக்குப் போடுறோம், நாவலுக்குப் போட்டா என்ன?"

ஜேசுராஜ் நெகிழ்ந்துபோனார். மக்களே தங்கள் வரலாற்றைச் சுமக்க முன்வருகிறார்கள்! பயிலரங்கில் பேசிய ஏழு பேரும் கனவில்கூடக் கண்டிராத காட்சி. முந்நூறு வீட்டிலும் வரி வசூலானது. ஒரு வீட்டில் மட்டும் வழக்கம்போல் கேட்கவில்லை.

முதல் வாசிப்புக் கூட்டம் சமுதாயக் கூடத்தில், டீ, பஜ்ஜியுடன் நடந்தது. ஜேசுராஜ் எழுந்து நின்று கணீரென்று முதல் அத்தியாயத்தை வாசித்தார். விடியற்காலையில் கரட்டின் மேல் வெயில் விழுகிற அத்தியாயம். முடித்து நிமிர்ந்தார். பெரிய கரைக்காரர் வீரணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அந்த ஊரில் கரை என்றால் ஒரு பங்காளிக் கூட்டம். கோயிலில் திருநீறு யாருக்கு முதலில் என்பதில் தொடங்கி எல்லா மரியாதையும் கரை வரிசைப்படிதான் நடக்கும்.

"எல்லாஞ் சரி சார். மொத அத்தியாயத்துல எங்க கரையாளு ஆரு வாராக?"

"ஆளே வரவில்லை ஐயா. கரடு மட்டும்தான் வருகிறது."

"கரடு எந்தக் கரை?"

"கரடு எந்தக் கரையும் இல்லையே. அது ஒரு மலை..."

"அப்ப பொறம்போக்கு" என்று வீரணன் சபையைப் பார்த்தார். "பொறம்போக்குக்கு மொத மரியாதை, வரி குடுத்தவனுக்கு ரெண்டாவது. இது நல்லாருக்கா மாப்ள?"

நல்லாயில்லை என்று விருமாண்டி ஒப்புக்கொண்டார். நாவல் நுணுக்கங்களில் இந்த ஒன்று மட்டும் பயிலரங்கில் சொல்லப்படவில்லை. கதை எங்கே தொடங்க வேண்டும் என்பதை ஆசிரியன் தீர்மானிப்பதில்லை, கரை வரிசை தீர்மானிக்கிறது. முதல் அத்தியாயத்தில் வீரணனின் பாட்டனார் கரட்டின் மேல் நின்றார், வெயில் அவர் மேல் விழுந்தது. இரண்டாவது அத்தியாயம் இரண்டாவது கரைக்கு, மூன்றாவது மூன்றாவதுக்கு. நான்காவது கரைக்காரர்கள் எப்போதும் கடைசியா என்று கொதித்ததால், அவர்களுக்கு அத்தியாயத்தோடு முன்னுரையும் கொடுக்கப்பட்டது.

அடுத்து, வரி கொடுத்த வீட்டுக்கெல்லாம் ஒரு பாத்திரம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அதுவும் சொந்தப் பெயரில். மாற்றுப் பெயர் போட்டால் பேரப்பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? முந்நூறு பாத்திரங்களை வைத்துக்கொண்டு இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட ஜேசுராஜ், ஐந்தாவது அத்தியாயத்தை ஒரு கல்யாண வீடாக்கினார். எல்லோரும் வரிசையாக வந்து மொய் எழுதினார்கள், மைக்கில் பெயர் வாசித்தார்கள், சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நாற்பது பக்கம். நாவல் வரலாற்றிலேயே பந்தி குறையாமல் நடந்த அத்தியாயம் அது.

அடுத்த வாரம் வரலாறு வந்தது. மூன்றாவது கரையிலிருந்து ஒருவர் எழுந்து, தன் அப்பார் ஜெயிலுக்குப் போனவர், அதைச் சேர்க்க வேண்டும் என்றார்.

"மிக நல்ல செய்தி. எந்தப் போராட்டம்?" என்று ஜேசுராஜ் பேனாவைத் திறந்தார்.

"போராட்டம்னு இல்ல. ஒரு ஆடு விசயம்."

"ஆடா?"

"பக்கத்தூரு ஆடு சார். தானா வந்துருச்சுன்னு எங்க அப்பாரு சொன்னாக, போலீசு கேக்கல. வெள்ளக்காரன் காலத்துலதான நடந்துச்சு? அத உப்பு விசயமா மாத்திருங்க."

ஜேசுராஜ் ஆட்டை உப்பாக்கினார். வெள்ளைக்காரனின் சட்டத்தை மீறியது என்னவோ உண்மைதானே! இந்தச் சலுகை வெளியே தெரிந்ததும் மற்ற கரைகளிலும் ஆடு, கோழி, வைக்கோல்போர் சம்பந்தமாகச் சிறை சென்ற தியாகிகள் வெளிவரத் தொடங்கினார்கள். ஏழாம் அத்தியாயம் முடிவதற்குள் ஒத்தக்கரட்டில் விடுதலைப் போரில் ஈடுபடாத குடும்பம் ஒன்றுகூட மிச்சமில்லை. வெள்ளைக்காரன் எப்படி அவ்வளவு நாள் தாக்குப்பிடித்தான் என்பதுதான் வாசகருக்குப் புரியாது.

எட்டாம் அத்தியாயத்தில் சிக்கல் வந்தது. அதில்தான் கரட்டை உடைக்கிறார்கள். மலையடிவாரத்தில் ஒரு சிவப்பு லாரி வந்து நிற்பதுவரை ஜேசுராஜ் வாசித்திருப்பார்.

"சார், சார். ஊருல செவப்பு லாரி எங்கிட்டதான இருந்துச்சு? பச்சையாக்கிருங்க" என்றார் விருமாண்டி.

"ஏன்டா மாப்ள, பச்சை என்னோடதுல்ல?" என்று வீரணன் கத்தினார். "மஞ்சளாக்குங்க."

மஞ்சள் லாரி மூன்றாவது கரைக்குச் சொந்தம். நீலம் நாலாவது கரை. நிறமே இல்லாத லாரி ஒன்றை ஜேசுராஜ் எழுதிப் பார்த்தார். அது எல்லோருடைய லாரி மாதிரியும் இருப்பதாகக் கூட்டம் முறையிட்டது. லாரியை எடுத்துவிட்டார். வெடி வைத்தவர்களை எடுத்துவிட்டார். ஒப்புதல் கையெழுத்துகளை எடுத்துவிட்டார். கடைசியில் எட்டாம் அத்தியாயத்தின் முதல் வரியில் கரடு இருந்தது, கடைசி வரியில் இல்லை. நடுவில் நல்ல மழை பெய்தது.

"படிக்கிறவர்கள் கேட்பார்கள் ஐயா. நாவல் என்றால் காரண காரியம் வேண்டும். ஒரு மலை சும்மா போகாது. யாராவது ஒருவர் விற்றிருக்க வேண்டும்" என்று ஜேசுராஜ் மன்றாடினார். வாத்தியார் என்பதால் இந்த அளவுக்கு நேர்மை அவரிடம் ஒட்டிக்கொண்டிருந்தது.

சபை யோசித்தது. விருமாண்டிக்குத்தான் முதலில் வெளிச்சம் கிடைத்தது.

"வரி குடுத்த ஆரையும் போட முடியாது, சரியா? வரி குடுக்காத வீடு ஒண்ணு இருக்குல்ல. ஆச்சேபணை சொல்ல அங்கிட்டு ஆளில்ல. போட்டுருங்க."

"சின்னத்தாயா? அவள்தானே ஒரே ஆளாக எதிர்த்தவள்!"

"அது உங்க பழைய நாவல்ல. இது ஊரு நாவல் சார். அச்சாபீசுக்கு நாளைக்குப் பணம் கட்டணும். நீங்க சொன்னீகன்னா கட்டிருவோம். இல்லன்னா வரிய ஆளுக்காளு திருப்பிக் குடுத்துட்டு சும்மா இருந்துக்கிருவோம்" என்றார் விருமாண்டி, மிகுந்த மரியாதையுடன்.

அன்றைக்கு மாட்டுத்தாவணியில் பஸ் மாறி வீடு திரும்பும் வழியெல்லாம் ஜேசுராஜ் தமக்குத் தாமே இலக்கிய விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். எதிர்மறைப் பாத்திரம் என்பது என்ன, லேசுப்பட்டதா? நல்லவர்கள் எல்லாம் மொய் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். வாசகர் மனதில் நிற்பது வில்லி மட்டுமே. பக்கமும் அவளுக்குத்தான் அதிகம் கிடைக்கும். ஒருவகையில் இது அவளுக்குச் செய்யும் கௌரவம். பசுமலை நிறுத்தம் வருவதற்குள் அவருக்குக் கிட்டத்தட்ட நிம்மதி வந்துவிட்டது.

தெரசா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"அந்தப் பிள்ள சுட்டுப்போட்ட தோசை எத்தனை சாப்பிட்டீங்க?"

"இது கலை விஷயம் தெரசா. உனக்குப் புரியாது."

"எனக்குப் புரியுதுங்க. அதான் கேக்குறேன்."

புத்தகம் வந்தது. ஃபிளெக்ஸ் வைத்தார்கள். ஜேசுராஜின் படம் வீரணன், விருமாண்டி படங்களைவிட அரை அடிதான் சிறியது. ஒத்தக்கரட்டின் வரலாறு ஐயந்திரிபற நிலைநாட்டப்பட்டது: தியாகிகள் வாழ்ந்த ஊர், அழகான கரடு, அதைப் பேராசையால் கம்பெனிக்கு விற்ற சின்னத்தாய் என்னும் ஒருத்தி. சின்னத்தாய்க்கு ஒருவரும் புத்தகம் கொடுக்கவில்லை. நடுவில் ஒருநாள் அவளே போனில் கேட்டாள்.

"சார், நாந்தான் அதுல முக்கியமாமே. அம்புட்டுப் பக்கமும் நான் வாரேனாமே?"

"வருகிறாய் அம்மா" என்று சொல்லிவிட்டு ஜேசுராஜ் சிக்னல் இல்லை என்றார்.

இந்தச் சமயம் பார்த்து அரசாங்கத்துக்கு நியாயம் பிறந்தது. கல் கழிவில் மூடிப்போன நிலங்களை மீட்டுக் கொடுக்க ஒரு சிறப்பு விசாரணை. அதற்கான அலுவலர் பீமாராவ், ஒத்தக்கரட்டுச் சமுதாயக் கூடத்திலேயே முகாம் போட்டார். மனு ஒன்றே ஒன்று, சின்னத்தாயுடையது. அதே நாளில் ஜேசுராஜுக்குப் பாராட்டு விழாவையும் கமிட்டி வைத்துக்கொண்டது. பந்தலும் மைக்கும் ஏற்கெனவே இருக்கின்றன, எதற்கு இரண்டு செலவு?

சின்னத்தாய் எடுத்துவைத்த பட்டாவையும் நிலவரிக் கிஸ்து ரசீதையும் பீமாராவ் பொறுமையாகப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அவர் தலையாட்டும் நேரத்தில் கம்பெனி வக்கீல் எழுந்து, மேஜைமேல் 'ஒத்தக்கரடு' நாவலை வைத்தார்.

"கரட்டையும் சுற்றியுள்ள நிலத்தையும் விற்றது இந்த மனுதாரர்தான், ஐயா. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். முந்நூறு குடும்பம் வரி கொடுத்து வெளியிட்ட வரலாறு. முதல் பக்கத்தில் அவர்களே அச்சிட்டிருக்கிறார்கள், 'இதில் வரும் ஊரும் பெயர்களும் நிகழ்ச்சிகளும் உண்மை' என்று."

பீமாராவ் பக்கத்தைப் புரட்டி வாய்விட்டுப் படித்தார். படிக்கக் கேட்ட சின்னத்தாய்க்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் வக்கீலைப் பார்க்கவில்லை, ஊர்க்காரர்களைப் பார்க்கவில்லை. திரும்பி முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்த வாத்தியாரைப் பார்த்தாள்.

"ஆசிரியர் இங்கே இருக்கிறாரா? நல்லது. ஐயா, இது கதையா, வரலாறா?" என்று கேட்டார் பீமாராவ்.

ஜேசுராஜ் எழுந்தார். வரலாறு என்றால் சின்னத்தாயின் வயல் போய்விடும். கதை என்றால் நாலு கரையின் தியாகிகளும் மறுபடி ஆடு திருடப் போய்விடுவார்கள், தாம் பந்தலைவிட்டு வெளியே போக முடியாது. இப்படிப்பட்ட இக்கட்டில்தான் மேதைகள் பிரகாசிக்கிறார்கள். யாருக்கும் நோகாத ஒரு நடுவழி அவருக்குப் பளிச்சென்று தோன்றியது.

"ஐயா, ஊர் உண்மை. கரடு உண்மை. நாலு கரையும் உண்மை. சின்னத்தாய் மட்டும் கற்பனை."

கூடம் கைதட்டியது. ஜேசுராஜுக்குப் பெருமையில் கண் கலங்கியது. காப்பாற்றிவிட்டோம் அல்லவா! பீமாராவ் பக்கத்திலிருந்த எழுத்தரிடம் சொல்லத் தொடங்கினார்.

"எழுதுங்க. மனுதாரர் ஒரு கற்பனைப் பாத்திரம் என்று ஆசிரியரே நேரில் வாக்குமூலம் அளித்துள்ளார். கற்பனைப் பாத்திரத்துக்கு நிலம் மீட்டுக் கொடுக்க விதிகளில் இடமில்லை. எனவே மனு முடித்துவைக்கப்படுகிறது."

"ஐயா! அப்படி இல்லை" என்று பதறினார் ஜேசுராஜ். "இவள் இருக்கிறாள். என் மாணவி. நான் கற்பனை என்று சொன்னது..."

"இருக்கிறாரா? அப்ப கரட்ட வித்ததும் இவர்தான்னு ஆகுது. கிரிமினல் கேஸ் போடச் சொல்லட்டுமா?"

"அதுவும் இல்லை."

"இரண்டும் இல்லையென்றால் நீங்கள் பொய் எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதினீர்களா? எழுதினேன் என்று சொன்னால் இந்த உத்தரவை இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன்."

நியாயமான மனிதர்தான். பேனாவை மூடாமல் காத்திருந்தார். சின்னத்தாய் ஜேசுராஜின் எதிரில் வந்து நின்றாள்.

"சொல்லுங்க சார். வாய்ப்பாடு சொல்லலன்னு என்னய எம்புட்டு அடிச்சிருக்கீக? கற்பனையவா சார் பெரம்பால அடிச்சீக? அத மட்டும் சொல்லுங்க, போதும்."

ஜேசுராஜ் வாயைத் திறந்தார். அந்த நேரம் பின்னாலிருந்து விருமாண்டி பட்டுத் துணியோடு வந்தார். வெளியூர்க்காரருக்கு அந்த ஊரில் இதுவரை பரிவட்டம் கட்டியதில்லை. மதம் வேறு என்பதையும் ஊர் பெரிய மனது பண்ணி மறந்திருந்தது. விருமாண்டி குள்ளம். கை எட்டவில்லை.

"சார், தலையக் கொஞ்சம் குனிங்க."

ஜேசுராஜ் குனிந்தார்.

ஒத்தக்கரட்டை இல்லாமல் ஆக்க நாலு கரையும் ஒரு கம்பெனியும் வெடி மருந்தோடு பல வருடம் பாடுபட வேண்டியிருந்தது. அப்படியும் ஒரு குழி மிச்சம் இருக்கிறது. சின்னத்தாயை அந்த அடையாளம்கூட இல்லாமல் முடித்துவைத்தவர், அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த வாத்தியார்.